சீன லைட்டரும் கோவில்பட்டி தீப்பெட்டியும்

மதுரையிலிருந்து நெல்லை போகும் சாலையில் சாத்தூரைத் தாண்டினால் இருபுறமும் கரிசல்தான். ஐப்பசி மழையில் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்த மண், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். உளுந்து, கம்பு, சோளம், பருத்தி எல்லாமே மானம் பார்த்த பயிர்கள்.

மழை பொய்த்த வருடங்களில் கோவில்பட்டி வட்டாரத்துக்குச் சோறு போட்டது தீப்பெட்டி. பயிரை வாட்டும் காய்ந்த காற்று, மருந்து முக்கிய குச்சியை நன்றாக உலர்த்தும். தமிழகத்தில் இந்தத் தொழிலை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரடியாக நம்பியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தப் பிழைப்புக்குத்தான் சீன லைட்டர் போட்டியாக வந்தது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று, இருபது தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடும். 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு இந்தியாவும் சீனாவும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் சரக்குக் கப்பல்கள் நிற்கவில்லை.

2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. முழு லைட்டருக்குக் கதவடைத்ததும் உதிரிபாகங்கள் மீது கவலை திரும்பியது. 2024 அக்டோபரில் அவற்றுக்கும் தடை வந்தது.

இது பழைய கதைதான். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே அடுப்பு மூட்டியது சுவீடன், ஜப்பான் தீப்பெட்டி. 1922-ல் ஆங்கில அரசு தன் வருவாய்க்காக இறக்குமதி வரியை உயர்த்த, அதுவே உள்ளூர்த் தொழிலுக்கு வேலியானது. கல்கத்தாவில் தொழில் கற்றுவந்த சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். சுவீடன் நிறுவனமோ வேலியைத் தாண்டி, 1923-ல் இந்தியாவுக்குள்ளேயே 'விம்கோ'வைத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் தீப்பெட்டிக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகைதான் சிறிய ஆலைகளை நிற்க வைத்தது.

வல்லரசுகள் மல்லுக்கட்டும் காலத்தில் ராஜதந்திரம் எல்லைக்கோட்டோடு முடிவதில்லை. எந்தப் பொருளை விடுவது, எதைத் தடுப்பது என்று பேசுகிறவர்களுக்குக் கரிசல் காட்டுப் பெண்ணின் வாரக்கூலியும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே தடை போட்டால் மட்டும் போதாது. சிறிய ஆலைகளுக்கு உள்ளே கைகொடுக்கவும் வேண்டும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரில் விற்க முடியாது. இரண்டு ரூபாய் தீப்பெட்டிக்கு அப்படியொரு காப்பு இல்லை. டெல்லியில் எடுக்கும் முடிவும், கடையில் நாம் கை நீட்டி வாங்கும் பொருளும்தான் அதற்குத் துணை.