தாத்தாவுக்கு ஒரு ஸ்கோர் போர்டு



0 முதல் 9 வரை எந்த எண்ணையும் ஏழே ஏழு கோடுகளால் காட்டிவிடலாம், தெரியுமா? ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு மட்டும் அணைந்தால் 0. வலப்பக்கம் இரண்டு மட்டும் எரிந்தால் 1. இதை வைத்துத்தான் எங்க தாத்தாவுக்கு ஒரு பரிசு செய்தேன்.

தாத்தா அந்தக் காலத்துச் சடுகுடு ஆட்டக்காரர். ஊரில் கபடிப் போட்டி என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவார். ஆனால் இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மைக்கில் பாயிண்ட் சொல்வது அவருக்கு வெறும் இரைச்சல்தான். பக்கத்தில் இருப்பவரிடம், "எத்தனைக்கு எத்தனைப்பா?" என்று கேட்பார். இரண்டு தடவை சொல்வார்கள். மூன்றாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போன வருஷம் போட்டிக்கே போகவில்லை. "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்று கட்டிலில் படுத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

காது கேட்காவிட்டால் என்ன, கண் நன்றாகத் தெரியுமே!

ஓர் அணிக்கு இரண்டு எண் வீதம் நான்கு எண்கள். 4 x 7 = 28 கோடுகள். 12 வோல்ட் சிவப்பு எல்.இ.டி. பட்டையை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகையில் ஒட்டினேன். 5 மீட்டர் சுருளில் 2.8 மீட்டரே செலவானது. கணக்குப் போடுவது ஆர்டுயினோ என்ற சிறிய போர்டு. அதில் 28 கோடுகளுக்கும் தனித்தனிக் கால்கள் கிடையாது. அதனால் 74ஹெச்சி595 என்ற ஐ.சி. நான்கை வரிசையாகக் கோத்தேன். மூன்றே வயர்களில் வேலை முடிந்தது. ஆனால் பட்டையை எரிக்கும் அளவு மின்சாரத்தை அந்த ஐ.சி. தாங்காது. அதற்கு யுஎல்என்2003. அதற்குள் சரியாக ஏழு ஸ்விட்ச்கள், ஓர் எண்ணுக்கு ஒன்று!

பட்டனை ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளே தகடு துள்ளுவதால் இரண்டு, மூன்று பாயிண்ட் ஏறிவிடும். அதனால் அழுத்தியதும் 50 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கும்படி புரோகிராம் எழுதினேன். நடுவர் பாயிண்டை ரத்து செய்தால் குறைக்கவும் தனிப் பட்டன் உண்டு.

இந்த வருஷப் போட்டியன்று ராத்திரி தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். போர்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வேட்டியை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியில் எங்கள் ஊர் அணி 24. எதிரணியில் மிச்சமிருந்த ஒரே ஆளையும் பிடித்துவிட்டார்கள். ஒரே கூச்சல்! போர்டில் 25 வந்தது. தாத்தா எழுந்து நின்று, "லோனா ரெண்டு எங்கப்பா?" என்று சத்தம் போட்டார். எதிரணி மொத்தமும் அவுட் ஆனால் கூடுதலாக இரண்டு பாயிண்ட் உண்டல்லவா? பட்டன் அழுத்திய அண்ணன் அந்த ஆரவாரத்தில் அதை மறந்துவிட்டார். காது கேட்கிற நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. உடனே 27 ஆனது. அதற்கப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள்தான் தாத்தாவிடம் சந்தேகம் கேட்டார்கள்!

போர்டு இப்போது தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எந்த அணிக்கு வேண்டுமானாலும் அவரிடம்தான் வந்து கேட்கவேண்டும். "திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடணும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்