நிலைக்காத அணிகளுக்கு வரலாறு எதற்கு?

என் ஆய்வு உதவித்தொகையின் காலம் ஐந்தாண்டுகள். நான் ஆராயும் அணிகளுள் பல அவ்வளவு காலம்கூட வாழ்ந்ததில்லை. அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் தோன்றி மறைந்த உள்ளரங்கக் கால்பந்து அணிகளே என் ஆய்வுப்பொருள். தில்லியில் அமர்ந்துகொண்டு இவற்றை ஏன் ஆராய வேண்டும், நிலைத்து நிற்காதவற்றுக்கு வரலாறு எதற்கு என்று மதிப்பீட்டுக் கூட்டமொன்றில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அங்கே பத்து நிமிடங்களில் சொல்லி முடிக்க இயலாத விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.

கால்பந்து என்று நான் குறிப்பது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. அதன் களத்தை ஐஸ் ஹாக்கித் தளத்தின் அளவுக்குச் சுருக்கி, அணிக்குப் பதினொருவருக்குப் பதிலாக எட்டுப் பேரை இறக்கி, ஓரங்களில் மெத்தை பொதிந்த தடுப்புச் சுவர்களை நிறுத்தினால் உள்ளரங்க ஆட்டம் பிறந்துவிடும். 1981இல் நியூயார்க்கில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், ஓர் உறையின்மீது இதன் வரைபடத்தைக் கீறினார். 1987இல் நான்கு அணிகளுடன் அரீனா கால்பந்து லீக் தொடங்கியது. ஹாக்கியும் கூடைப்பந்தும் ஓய்ந்த கோடையில் வெறுமையாய்க் கிடக்கும் அரங்குகளுக்கு இவ்வாட்டம் ஏற்ற குத்தகைதாரராக வாய்த்தது.

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியை எடுத்துக்கொள்கிறேன். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். மாவட்ட நிர்வாகத்துக்கு உரிய அரங்கம் 1990இல் திறக்கப்பட்டது; அதே ஆண்டில் ஃபயர்பேர்ட்ஸ் அணி அங்கே ஆடத் தொடங்கியது. 1999இல் சொந்த அரங்கிலேயே அது லீக்கின் வாகையரானது. 2000ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் இண்டியானாபொலிஸுக்குப் பெயர்ந்துவிட்டது. 2002இல் இரண்டாம் நிலை லீக்கில் கான்குவெஸ்ட் என்னும் அணி வந்தது. 2009இல் அது ஃபயர்பேர்ட்ஸ் என்ற பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்த ஆண்டோடு லீக்கே கலைந்தது. 2018இல் எம்பயர் அணி உருவாகி, மறு ஆண்டே அதே அரங்கில் கோப்பையை வென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் லீக் மூடப்பட்டது. 2021இல் வேறொரு லீக்கில் மீண்டும் எம்பயர் என்ற பெயரில் ஓர் அணி. 2021, 2022 இரண்டிலும் அதுவே வாகையர். 2023 ஜூனில், செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தவில்லை என்று லீக் அதனை நீக்கியது. அப்போது அதன் உரிமையாளர், என்.எஃப்.எல். முன்னாள் வீரர் ஆன்டோனியோ பிரவுன். ஃபயர்பேர்ட்ஸின் பழைய நாயகனும், லீக் வரலாற்றின் தலைசிறந்த வீரரென 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான எடி பிரவுனின் மகன் அவர். 2024இல் ஃபயர்பேர்ட்ஸ் என்ற பெயர் மறுபடியும் களம் கண்டது.

இந்நிரலைப் பார்க்கும் எவருக்கும் ஒன்று புலப்படும்: இந்நகரத்தில் தோற்றதனால் மடிந்த அணி என்று எதையும் சுட்ட முடியவில்லை. வாகை சூடிய அணிகளே மறைந்திருக்கின்றன. ஓர் உள்ளரங்க அணியின் ஆயுளை அதன் ஆட்டம் தீர்மானிப்பதில்லை. அரங்க வாடகை, பயணச் செலவு, வீரர்களின் காயங்களுக்கான காப்பீடு ஆகியவை தீர்மானிக்கின்றன. பக்கத்து நகரத்து அணி கலைந்தால் ஆட்ட அட்டவணையில் ஓட்டை விழுகிறது. எஞ்சிய எதிரணிகளைத் தேடித் தொலைவு போகவேண்டும். அச்செலவு அடுத்த அணியையும் சாய்க்கிறது. 2019இல் லீக் மூடப்பட்டபோது, முன்னாள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. எனவே, 'மூன்றாண்டு வாழ்ந்த அணி' என்று நாம் எழுதும்போது அளப்பது முதலீட்டின் பொறுமையையே. நகரத்தின் பற்றினை அளக்க அந்த எண் உதவாது. பற்றினை அளக்க வேண்டுமானால், உரிமையாளர்கள் கைவிட்ட பெயரை அந்நகரம் எத்தனை முறை மீட்டெடுத்தது என்று எண்ணவேண்டும். அரங்கத்தின் பெயரோ விளம்பரதாரருக்கேற்ப நிக்கர்பாக்கர், பெப்சி, டைம்ஸ் யூனியன், எம்.வி.பி. என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதில் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடும் உண்டு. ஆவணங்களைப் படிக்கும் முறையை எனக்குக் கற்பித்த ஆசிரியை, இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகள் தற்காலிக ஆசிரியராக இருந்தார். நான்கு மாதங்களுக்கு ஒரு நியமனம். இடையில் ஒரு நாள் முறிவு. பின் மறு நியமனம். ஒருமுறை அந்த மறு நியமனம் வரவில்லை. கல்லூரியின் ஆண்டு மலர்களில் அவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோப்புகளின் கணக்கில் அவர் அங்கே நான்கு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியதே இல்லை. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் இன்று நான்கு பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறோம்.

நிறுவனங்கள் தம் தொடர்ச்சியைத் தாமே பதிவு செய்துகொள்கின்றன. இடையிடையே முறிக்கப்பட்டவற்றின் தொடர்ச்சியை வேறு யாரேனும்தான் கோத்துக் காட்டவேண்டும். அணி கலையும்போது அதன் அலுவலகம் பூட்டப்படுகிறது, இணையதளம் அழிகிறது. உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆட்டக் குறிப்புகளும் யாரோ ஒருவர் வைத்திருக்கும் நுழைவுச்சீட்டுகளுமே மிஞ்சுகின்றன. நிலைத்தவற்றை மட்டும் எழுதுவதென்றால் வென்ற முதலீட்டின் வரலாற்றை மட்டுமே எழுதியவர்களாவோம். ஒப்பந்தத்திலும் உதவித்தொகையிலும் காலம் எண்ணிக்கொண்டிருக்கும் நம் தலைமுறை ஆய்வாளர்களுக்கு இது அயலார் கதையாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன். தத்தம் நகரங்களில் இவ்வாறு மறைந்த அணிகள், சங்கங்கள், இதழ்கள் பற்றி அறிந்தவர்கள் எழுதுங்கள். தாள்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.