வருஷத்தில் ஒரே நாள் திறக்கும் மலை

மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் மெரினாவுக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் கண்ணகியை அடிக்கடி பார்க்கிறார்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலை. 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 ஜூனில் திரும்ப வைத்தார்கள். நடுவில் நடந்த அரசியல் சண்டை பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கண்ணகிக்குக் கோயில் எழுந்ததாகச் சொல்லப்படும் மலையைப் பற்றிக் கேட்டால், "அது கேரளாவுல எங்கயோ இருக்கே..." என்று இழுப்பவர்கள்தான் அதிகம்.

தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், தமிழக-கேரள எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்த கண்ணகி, 14 நாள் கழித்து ஒரு மலையில் வேங்கை மரத்தடியில் நின்றாள், கோவலன் வந்து அவளை வானுலகம் அழைத்துப் போனான் என்பது சிலப்பதிகாரக் கதை. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, அவளுக்குச் சிலை வடித்தான். விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னனும் வந்தான். கண்ணகி நடந்த வழியைத் தேடிப் பல வருஷம் அலைந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963-ல் இந்தக் கோயில்தான் அது என்று சொன்னார்.

சரி, எப்படிப் போவது?

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் போகலாம். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் சாயங்காலம் பஸ் ஏறினால் காலையில் கம்பம், குமுளி. குமுளியே பாதி தமிழ்நாடு, பாதி கேரளா. தெருவில் பத்தடி நடந்தால் மாநிலம் மாறிவிடும். அங்கிருந்து, சோதித்து அனுமதிச் சீட்டு ஒட்டிய ஜீப்புகள் மட்டும் காட்டுப் பாதையில் மேலே போகும். நடக்கத் தெம்பு இருப்பவர்கள் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறலாம். ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் செங்குத்து.

காலை 6 மணிக்கு விட ஆரம்பிப்பார்கள். பிற்பகலில் மேலே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும். பிளாஸ்டிக் பை, பாட்டில் கூடாது, மது கூடாது, ஒலிபெருக்கி கூடாது. தேனி, இடுக்கி கலெக்டர்கள் ஒவ்வொரு வருஷமும் கூடிப் பேசித்தான் இந்த ஒரு நாளை நடத்துகிறார்கள். மேலே போனால் கூரை சரிந்த, சுவர் பெயர்ந்த கருங்கல் கட்டடங்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். ஒரு பக்கம் தமிழில் பூஜை, இன்னொரு பக்கம் கேரள முறைப்படி பூஜை. அதே நாளில் கண்ணகி எரித்த மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருப்பார்!

ஏன் ஒரே நாள்? கோயிலுக்குப் போகும் ஜீப் பாதை பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1978-லேயே அது புலிகள் காப்பகம். அதன் உட்பகுதி 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. யானையும் புலியும் இருக்கிற காட்டில் தினமும் ஜீப் விட முடியாது என்பது கேரள வனத்துறையின் வாதம். கோயில் நிற்கிற மண்ணே எங்களுடையது, பழைய நில அளவையைப் பாருங்கள் என்பது தமிழ்நாட்டின் வாதம். முன்பெல்லாம் பல நாள் நடந்த விழா இப்படிச் சுருங்கிவிட்டது என்று கம்பத்துப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சபரிமலையும் இதே பெரியாறு காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே மண்டல, மகரவிளக்கு காலத்தில் லட்சக்கணக்கில் போகிறார்கள், மாதப் பூஜைக்கும் நடை திறக்கிறது. அங்கே வராத காட்டுக் கவலை இங்கே மட்டும் ஏன் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் அதற்காக மங்கலதேவியையும் இன்னொரு சபரிமலை ஆக்க வேண்டுமா? கூட்டம் பெருகியபின் பம்பையும் அதன் கரையும் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தவிர, எல்லை நாளைக்கே தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்தாலும் யானைக்கு அது தெரியப் போவதில்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, பெரியாற்றை ஒட்டிய தமிழ்நாட்டுக் காடும் புலிக்காடுதான். கட்டுப்பாடு எந்த மாநிலம் போட்டாலும் வேண்டியதுதான்.

உண்மையான பிரச்சினை மீதி 364 நாள். யாரும் போகாத அந்த நாட்களில் மழையும் மரவேரும் கல்லைப் பெயர்த்துக்கொண்டே இருக்கின்றன. "யாருடையது" என்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால், முடியும்போது சண்டை போட ஒன்றும் மிஞ்சாது. கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்று நம்புகிற மலையாளிகள் உண்டு. இலங்கையில் சிங்களவர்கள் அவளைப் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஆக, அவள் ஒரு மாநிலத்துக்கு மட்டும் சொந்தக்காரி இல்லை. வருஷம் ஒரு நாளுக்காகக் கூடிப் பேசுகிற இரண்டு கலெக்டர் அலுவலகங்கள், இரண்டு மாநிலத் தொல்லியல் துறைகளையும் சேர்த்து உட்கார வைத்து, சரிந்த கல்லை எடுத்து நிறுத்தப் பேச முடியாதா? அதற்கு எல்லைக்கோடு எங்கே போகிறது என்று முதலில் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதுவரை, போக நினைப்பவர்கள் சித்திரை மாதக் காலண்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஜீப்புக்கு வரிசை நீளமாகத்தான் இருக்கும்.