ஆண்டவர் சித்தம் என்றோம்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை இழந்தார். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவன், மூன்றாம் நாள் சடலமாக வந்தான். "இரவெல்லாம் வயிறு வீங்கிக் கிடந்தான், டாக்டர் வரவேயில்லை, சாமி" என்று அவர் கதறியபோது, "ஆண்டவர் சித்தம், அம்மா" என்றோம். அடக்கப் பூசையன்று அது போதுமென்றே நமக்குப் பட்டது.

பதினான்கு மாதங்கள் கழித்து, அதே கேள்வியுடன் அவர் மீண்டும் வந்தார். இம்முறை வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றோம்.

"கேஸ் ஷீட் நகல் எங்கே?" என்பதே அவருடைய முதற்கேள்வி. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் விதியாம், நாம் அறிந்திருக்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மாவட்ட ஆணையத்தில் முறையிட ஈராண்டே கெடு. பணமில்லையே என்று தாய் தயங்கினார். பெண் என்பதாலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி அவருக்கு உண்டாம். "ஆனால் சாவெல்லாம் கவனக்குறைவு ஆகிவிடாது, சாமி. முதலில் வேறொரு மருத்துவர் ஏடுகளைப் பார்க்கட்டும்" என்றும் எச்சரித்தார்.

மீதியிருப்பது பத்து மாதம். கழிந்துபோன பதினான்கில் நம் சொல்லுக்கும் பங்குண்டு. மறுநாள் பூசை முடிந்ததும் நகல் கேட்கும் விண்ணப்பத்தை நாமே எழுதினோம், அத்தாய் கையெழுத்திட்டார்.