நீண்ட கோப்பில் வழி தெரிய வேண்டாமா?

அச்சுப் புத்தகம் கையில் இருந்தால் பாதி வழியை விரலே சொல்லிவிடும். எவ்வளவு படித்தாயிற்று, எவ்வளவு மீதி என்று கனத்தை வைத்தே தெரியும். வேண்டிய பக்கத்தின் மூலையை மடித்து வைக்கலாம். அதே புத்தகம் 300 பக்க பி.டி.எஃப். கோப்பாகத் திரைக்கு வந்துவிட்டால் மிஞ்சுவது ஓரத்தில் ஓர் உருள்பட்டை மட்டுமே. அதைக் கொஞ்சம் இழுத்தால் பத்துப் பக்கம் தாண்டிவிடும்.

நீண்ட கோப்பைத் திறக்கும் பலரும் முதல் வரியிலிருந்து படிக்க வருபவர்கள் அல்ல. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே ஒரு பாடத்தைத் தேடும் மாணவருக்கும், தனக்குப் பொருந்தும் விதியைத் தேடும் ஓய்வூதியருக்கும் வேண்டியது ஓரிரு பக்கங்கள்தான்.

இங்கேதான் எழுதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவையும் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது கொஞ்சம் பெரிய எழுத்து, அவ்வளவுதான். வேர்டு மென்பொருளில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற பாணிகளைக் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று கணினிக்குப் புரியும். பிறகு பொருளடக்கத்தை மென்பொருளே தயாரித்துத் தரும். பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது தலைப்புகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், திரையின் பக்கவாட்டில் சொடுக்கக்கூடிய தலைப்புப் பட்டியலும் கிடைக்கும். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் கணினித் திரைக்கான தோற்றத்தை மாற்றியபோது, கட்டுரையின் பொருளடக்கத்தை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனது. கட்டுரையின் எந்த மூலைக்குப் போனாலும் பட்டியல் கூடவே வருகிறது.

பார்வையற்ற வாசகர்களுக்கு இது வெறும் வசதி அல்ல. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தலைப்பு வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் தாவ இடமில்லை. நூறு பக்கத்தையும் வரிவரியாகக் கேட்டுத்தான் தேட வேண்டும்.

பக்க எண்ணை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. எழுத்தின் அளவு மாறினால் பக்கமும் மாறிவிடும். முன்னுரைக்குத் தனி எண் கொடுத்த நூலில், அச்சிட்ட எண்ணும் திரையில் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. திருக்குறளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 391ஆம் குறள் என்றால் எந்தப் பதிப்பிலும் அது 40ஆம் அதிகாரமான கல்வியின் முதல் குறள்தான். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்ற கணக்கு இருப்பதால் பக்க எண்ணே தேவைப்படுவதில்லை. நம் அறிக்கைகளிலும் 3.2, 3.3 என்று பிரிவுகளுக்கு எண் கொடுத்தால் இதே பலன் கிடைக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், யூனிகோடில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. வெறும் படமாக வருடி ஏற்றிய நூலிலும் அதே கதைதான். கண்ணெதிரே இருக்கும் சொல்லையே 'இல்லை' என்று கணினி சொல்லும்.

கோப்பை அனுப்பும் முன் ஒரு சோதனை போதும். அதைப் படித்திராத ஒருவரிடம் கைப்பேசியில் திறந்து கொடுத்து, உள்ளே இருக்கும் ஒரு செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். அவர் திணறினால் திருத்த வேண்டியது கோப்பைத்தான்.