கருவி வாங்குவது பற்றி

2024இல் வங்கி ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2022 நவம்பரிலிருந்து கணக்கிட்ட நிலுவைத் தொகை வந்தபோது, பிடித்தங்கள் போக என் கையில் 68,000 ரூபாய் நின்றது. அதைக்கொண்டு பறப்பதற்கென்றே செய்த ஒரு ஜி.பி.எஸ். கருவியை வாங்குவதா, அல்லது ஒரு டேப்லட்டை வாங்கி அதில் வரைபடத்தை ஏற்றிக்கொண்டு பறப்பதா என்ற கேள்வியில் எனக்கு ஐந்து மாதம் போயிற்று. இந்தப் பத்திரிகைக்கு நான் எழுத ஒப்புக்கொண்ட இரண்டு மதிப்புரைகள் வராமல்போனதன் காரணமும் இதுதான் என்பதை ஆசிரியருக்கு இப்போது சொல்லிவிடலாம்.

நான் பறக்கிறேன் என்பதே நண்பர்கள் பலருக்குத் தெரியாது. விடுமுறைப் பயணச் சலுகையில் எல்லோரும் காஷ்மீர் போகிற வருஷம் நான் இமாசலப் பிரதேசத்தில் பீர் என்கிற ஊருக்குப் போய், பில்லிங் மலையிலிருந்து பாராகிளைடரில் குதிக்கக் கற்றுக்கொண்டு வந்தேன். மூன்று பேர் சேர்ந்து பழைய இறக்கை ஒன்றை வாங்கினோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையில் எனக்கு 'பாராசூட் சார்' என்று பெயர். பாராசூட் விழுவதற்கு, இது எழுவதற்கு என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மலையடிவாரத்திலேயே குடியிருந்தும் ராஜபாளையத்தில் பறக்க முடியாது. மேற்கே எழுந்து நிற்கிற மலை இப்போது புலிகள் காப்பகம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, ஆனி ஆடியில் மேல்காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது, பாறையைத் தாண்டி விழுகிற ஆற்றுநீர் போலச் சுருண்டு புரண்டு இறங்குகிறது என்பது. அந்தச் சுருளில் அகப்பட்ட இறக்கை, துணியாகிவிடும். ஆகவே கம்பம், குமுளி வழியாக ஏறி மலைக்கு அந்தப் பக்கம் வாகமண் போகவேண்டும். வருஷத்தில் நான்கைந்து தடவை. இதற்கு ஒரு கருவியா என்று என் மனைவி கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது.

கருவி எதற்கு என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். மனித உடம்புக்கு வேகம் தெரியாது. வேகத்தின் மாறுதல்தான் தெரியும். சீராக மேலே போனாலும் சீராகக் கீழே போனாலும் மலைச்சரிவை விட்டு விலகிவிட்ட ஒருவனுக்கு இரண்டும் ஒன்றே. பருந்துக்கு இது எப்படியோ தெரிகிறது. நமக்கு ஒரு காற்றழுத்தமானி வேண்டும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறக்குறைய எட்டு ஒன்பது மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று கணக்கு. நல்ல உணரி, ஆள் எழுந்து நின்றாலே கண்டுகொள்ளும்; ஏறினால் ஒரு சுருதியில் கூவும், இறங்கினால் முனகும். வேரியோ என்பது இதற்குப் பெயர். இதோடு ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்தால் எங்கே இருக்கிறோம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, இந்த உயரத்திலிருந்து அந்த மைதானத்தை எட்ட முடியுமா என்பதெல்லாம் தெரியும்.

இன்ஜின் வைத்த சிறு விமானங்களைப் பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள் மத்தியில் இந்த விவாதம் ஐபேட் வந்த 2010இலிருந்தே நடக்கிறது. கார்மின் போன்ற தனிக்கருவிகளின் ஒரு கட்சி, ஐபேட்டில் ஃபோர்ஃப்ளைட் என்கிற செயலியைப் போட்டுக்கொள்கிற இன்னொரு கட்சி. டேப்லட் கட்சி ஜெயித்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பெரிய திரை, மலிவு, அன்றன்று புதுப்பிக்கிற வரைபடம். வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜி.பி.எஸ். சில்லே கிடையாது என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு, தனியாக ஒரு ஏற்பியை வாங்கி ஒட்டவைத்தவர்கள் உண்டு. வெயிலில் வைத்தால் சூடாகி அணைந்துவிடும் என்பது இன்னொன்று. முப்பத்தைந்து டிகிரி வரைக்கும்தான் அதைத் தயாரித்தவர்களே உத்தரவாதம் சொல்கிறார்கள். ராஜபாளையத்தில் சித்திரையில் நிழலுக்கே அதற்கு மேல்.

தனிக்கருவிக்கு வெளிநாடுகளில் சொல்லப்படும் பெரிய வாதம் ஒன்று இங்கே செல்லுபடியாகாது. விழுந்துவிட்டால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் வசதியுள்ள கருவிகளை இந்நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருக்கக்கூடாது. அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களிலேயே போலீஸிடம் அகப்பட்டிருக்கிறார்கள். காணாமல்போக நமக்கு உரிமை இருக்கிறது, காணாமல்போனதைச் சொல்லத்தான் உரிமம் வேண்டும்.

"எதையாவது வாங்கினா எல்லாருக்கும் ஆகிற மாதிரி வாங்குங்க. பாப்பாவுக்கும் படிக்கிறதுக்கு ஆகும்" என்றாள் மனைவி. எல்லாருக்கும் ஆகிற மாதிரி என்ற சொற்றொடரை வேறொரு சந்தர்ப்பத்தில் இருபது வருஷமாக எதிர்த்து வருகிறவன் நான். லட்சம் பிரதி விற்கிற பத்திரிகைகளின் வாதம் அது. ஆனால் ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு முன்னால் அந்தப் பழைய ஆவேசத்தை எடுத்துவைக்க எனக்கு வாய் வரவில்லை. மேலும், அதுவரை நான் செல்போனையே துடையில் கட்டிக்கொண்டுதான் பறந்துவந்தேன்.

அந்த செல்போன் எனக்கு ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தது. கடல் மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டருக்கு மேலே இருக்கிற என் வீட்டு மொட்டைமாடியில் அது எழுபத்துச் சொச்சம் என்று காட்டிற்று. பழுது என்று நினைத்தேன். பழுதில்லை. ஜி.பி.எஸ். அறிந்த பூமி, ஒழுங்கான ஒரு கணித முட்டை. நிஜமான கடல் மட்டம் அந்த முட்டையோடு ஒட்டிப்போவதில்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்துபோகிறது. உலகத்திலேயே அது மிகத் தாழ்ந்த இடம் நமக்குத் தெற்கே, இந்து மகாசமுத்திரத்தில். நூறு மீட்டருக்கு மேல் பள்ளம். அதன் சரிவில்தான் தென்தமிழ்நாடு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத உயரத்தைக் காட்டுகிற செயலி எதுவானாலும் எங்கள் ஊரில் தொண்ணூறு மீட்டருக்கு மேல் தப்பு சொல்லும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட செயலியை நம்பி, வரைபடத்தின் மலையோடு திருத்தாத உயரத்தை ஒப்பிட்டால், நீங்கள் பூமிக்குள் பறந்துகொண்டிருப்பதாகத் தெரியும். வெளியூர்க் கோட்பாடுகளை அப்படியே கொண்டுவந்து இங்கே அளப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று தோன்றியது. இது கட்டுரைக்குப் புறம்பு.

இனி அந்த விபத்து. அன்று முதல் சனிக்கிழமை, வங்கிக்கு வேலை நாள், நான் லீவு. வாகமண்ணில் கோலாகலமேட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மலையின் தோளை ஒட்டி மெள்ள ஏறிக்கொண்டிருந்தேன். திரையில் வரைபடம் போய் ஒரு பெயர் வந்தது. கிளையிலிருந்து சக ஊழியர். முந்தின நாள் கேஷில் ஐந்நூறு ரூபாய் இடிக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. பச்சை வட்டம், சிவப்பு வட்டம், நடுவில் அவருடைய குடும்பப் படம். கையுறைக்குத் திரை மசியவில்லை. பல்லால் கையுறையை உருவுவதற்காக ஒரு கையின் கட்டுப்பாட்டுக் கயிற்றை விட்டேன். அரை நிமிஷம்தான். நிமிர்ந்தபோது மலை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எனக்குக் கீழே, பின்பக்கமாக வந்துவிட்டிருந்தது. காற்று என்னை மலைக்கு அந்தப்புறம் தள்ளியிருந்தது. திரும்பப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு நடந்ததில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை. தேயிலைப் புதர்கள் வந்து ஏந்திக்கொண்டன. கணுக்கால் பிசகிற்று.

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். எந்த ஊர் என்றார்கள் தமிழிலேயே. ராஜபாளையம் என்றேன். "அம்புட்டுத் தூரத்திலிருந்து பறந்தா வந்தீக?" என்றாள் வயதான ஒருத்தி. சட்டைப் பையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது.

செல்போனை விமான நிலையில் போட்டிருக்கலாமே என்பீர்கள். போடலாம், போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். எனக்கும் தெரியும். ஏன் போடவில்லை என்று, காலில் சத்திரப்பட்டி பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு வீட்டில் கிடந்த பத்து நாளில் யோசித்தேன். யாராவது கூப்பிடக்கூடும் என்பதால்தான். ஆயிரம் மீட்டருக்கு மேலே தனியாக இருக்கப் போகிறேன் என்று பெருமை பேசிவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்க ஒரு காதை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்தப் பத்து நாளில் ஒரு சித்தாந்தமும் உருவாயிற்று. ஒரு கருவியை அது வேலை செய்யும் விதத்தை வைத்து எடைபோடக்கூடாது. கெட்டுப்போகும் விதத்தை வைத்து எடைபோடவேண்டும். தனிக்கருவி கெட்டால் அணைந்துபோகும். நீங்கள் தலையை நிமிர்த்தி மலையைப் பார்ப்பீர்கள். டேப்லட் கெடும்போது அணைவதில்லை. வேறொன்றைக் காட்டிக்கொண்டு பிரகாசமாகவே இருக்கும். 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானம் 007 வழி தவறி சோவியத் வானில் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜி.பி.எஸ். தயாரானதும் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்கா அறிவித்தது. அந்த விமானத்தில் கருவி எதுவும் அணைந்துபோகவில்லை. தானியங்கி, வழிகாட்டும் கருவியோடு இணையாமல் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, ஓட்டியவர்கள் கவனிக்கவில்லை என்பதுதான் 1993இல் வந்த சர்வதேச விசாரணையின் முடிவு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரிந்திருக்கிறது.

இந்தச் சித்தாந்தத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் கவிஞர் ஒருவரிடம் சொன்னேன். வெளியே பெயர் வருவதை விரும்பாதவர், பறப்பதையும் விரும்பாதவர். "அண்ணாச்சி, தனியா ஒண்ணே ஒண்ணைச் செய்யறவன் பொய் சொல்ல மாட்டாம்னு யாரு சொன்னா?" என்றார். எங்கள் மூவரில் ஒருவரிடம் பழைய கைக்கருவி ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. ஜி.பி.எஸ். வாரங்களை எண்ணுகிறது, 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 6இல் அப்படித் திரும்பியபோது திருத்தப்படாத பழைய கருவிகள் பல இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. நண்பருடைய கருவியும் அப்படித்தான். இடத்தைச் சரியாகச் சொல்லும், காலத்தைத்தான் சொல்லாது. செய்த கம்பெனி கைவிட்டுவிட்டது. நம்முடைய மூத்த விமர்சகர்கள் இரண்டொருவரின் முகம் மனதில் வந்துபோயிற்று.

முடிவு இரண்டிலும் சேராமல் வந்தது. டேப்லட் வாங்கினோம், அது பாப்பாவுடையது. எனக்கென்று, உறவினர் ஒருவர் எப்போதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கோபோ மினி இருந்தது. ஐந்து அங்குலத்தில் மின்மைத் திரை போட்ட புத்தக வாசிப்பான். அதில் எக்ஸ்.சி. ஸோர் என்ற பறப்பு மென்பொருள் ஓடும். பல நாட்டார் பல வருஷங்களாகக் கூலியில்லாமல் எழுதிவருவது, விலையும் கிடையாது. சிறுபத்திரிகைக்காரனுக்கு விளக்க வேண்டாத பொருளாதாரம். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் வாசிப்பானைத் திறந்து, ஜி.பி.எஸ்.ஸும் அழுத்த உணரியும் சேர்ந்த சிறு பலகையை உள்ளே பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது விசையைப் போட்டால், பறக்கவா, அல்லது பழையபடி வாசிக்கவா என்று கேட்டுவிட்டுத் திறக்கிறது. இந்தத் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகிறது, காகிதம் போல. யாரும் கூப்பிட முடியாது.

ஆனால் மின்மைத் திரைக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் நின்றாலும், மென்பொருள் உறைந்தாலும், கடைசியாக வரைந்த படம் அப்படியே நிற்கும். செத்த பிறகும் முகம் மாறாது. என் சித்தாந்தத்தின்படி பார்த்தால் நான் வைத்திருப்பது மூன்றிலும் மோசமானது. ஆகவே மூலையில் மணியை வினாடியோடு காட்டும்படி அமைத்துக்கொண்டேன். வினாடி ஓடினால் உயிர் இருக்கிறது.

வாகமண் போகுமுன் பழகிக்கொள்ளலாமென்று காலையில் கிளைக்குப் போகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். மூன்று நாள் ஒழுங்காக வந்தது. சாலை, கண்மாய், என்னைக் குறிக்கும் அம்பு, வேகம் நாற்பத்திரண்டு. நாலாம் நாள் பக்கத்திலிருந்த பெரியவர், "என்ன தம்பி புஸ்தகம்?" என்று கேட்டார். வழிகாட்டுகிற படம் என்று திருப்பிக் காட்டினேன். பார்த்தார். "இன்னும் ஊரு வரலையா இதுல?" என்றார். ஜன்னலுக்கு வெளியே பதினொரு நிலைக் கோபுரம், பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. அம்பு ஆறு கிலோமீட்டர் பின்னால், வயல் நடுவில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நின்றுகொண்டிருந்தது. மூலையில் பதினேழாவது வினாடி. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை.