மலைத் தண்ணீர் ஓட்டிய மில்

தலத்தெருப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் நிதானமான சங்கதி. அரசலாறு காரைக்காலை எட்டும்போது அதற்கு இறங்க இடமே இருக்காது. கடல் கிட்டத்தில் இருக்கும். மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடை வாய்க்கால் நனையக் காத்துக் கிடப்போம். காவிரி நடுவர் மன்றம் 2007இல் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் நெல்லை விளைவிக்கும், சக்கரத்தைச் சுற்றாது. ஆலை ஓட அளவு மட்டும் போதாது, விழுவதற்கு உயரமும் வேண்டும். விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் பத்து மீட்டர் விழுந்தால், இழப்பைக் கழிக்காமல், ஏறத்தாழ 130 குதிரைத்திறன் கிடைக்கும். அதே தண்ணீர் எங்கள் சமவெளியில் தவழ்ந்தால் ஒன்றும் கிடைக்காது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் எழுந்த சவானா, ரோடியர் பஞ்சாலைகள் கொதிகலனும் புகைபோக்கியுமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றையே எஞ்சினாக்கிய பஞ்சாலை பொதிகை அடிவாரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கவே விக்கிரமசிங்கபுரம் போனேன். வி.கே.புரம் என்றால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரிகிறது.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1885இல் இங்கே நூற்பாலையைத் தொடங்கினார்கள். பருத்தி விளைந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில். துறைமுகம் தூத்துக்குடியில். இரண்டையும் விட்டுவிட்டு ஆலையை மலையடிவாரத்தில் வைத்ததற்கு ஒரே காரணம் தாமிரபரணி. இரண்டு பருவமழையும் பிடித்துக் கொடுக்கிற ஆறு அது. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிறது. ஆற்றிலிருந்து திருப்பிய தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டு மறுபடி ஆற்றுக்கே போய்விடும். கீழே அணைக்கட்டுகளை நம்பியிருந்த வயல்காரர்களுக்கு அதில் ஒரு சொட்டும் குறையாது. நிலக்கரி வாங்கும் செலவு மிச்சம். முதலாளியின் சாமர்த்தியம் என்று இதை எழுதுகிறார்கள். மலைக்கும் மழைக்கும் அதில் பாதிப் பங்காவது உண்டு என்பேன்.

பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், 1892இல் மதுரையில் மதுரா மில்ஸ் என்று ஹார்வி குடும்பத்தின் ஆலைகள் பெருகின. மதுரை அருகே தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இன்றும் ஹார்விப்பட்டி என்ற பெயரில் இருக்கிறது. பாபநாசத்தில் 1944இல் அரசின் நீர்மின் நிலையமும் வந்தது. அதே ஆறு, அதே இறக்கம், இந்த முறை கம்பி வழியாக.

மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஸ்பின்னிங் மெஷினின் ஒரு பக்கத்தை, மில் பேச்சில் 'சைடு', பார்த்தவர். "அண்ணாச்சி, இழை அறுந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார்.

"சொல்லுதேன் தம்பி. கண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும். அறுந்தது தெரிஞ்ச உடனே முட்டிய வச்சு ஸ்பின்டில நிறுத்தணும். பாபின்ல ஒளிஞ்சு கெடக்க நுனிய எடுக்கணும். டிராவலர்ல கோக்கணும். மேல ரோலர்ல பஞ்சு வழியும் பாத்துக்கிடுங்க, அதுல கொண்டு தொடணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று சொன்னவரின் வலது முட்டி தானாகவே முன்னே நகர்ந்து, இல்லாத ஒரு கதிரை அழுத்தியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு நுனியைப் பிடித்தன. டிராவலர் என்பது நகக்கண் அளவுக்கு வளைந்த கம்பித் துண்டு. வளையத்தைச் சுற்றி ஓடி நூலுக்கு முறுக்கேற்றுவது அதுதான். அதில் நூலைக் கோப்பதை அவர் பார்க்காமலே செய்து காட்டினார். ஒட்டிய இடம் தடித்தால் நூல் கெட்டது. மெலிந்தால் மறுபடி அறும். பக்கத்துக் கதிர்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்போது இது நடக்க வேண்டும். எந்த டர்பைனும் இந்த வேலையைச் செய்துவிடவில்லை.

அவருடைய தாத்தா காலத்தில் மில்லைத் தண்ணீர்தான் ஓட்டியதாம். மேலே நீளமான இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். ஆற்றில் வரத்து குறைந்தால் தண்டு மந்தமாகும். வேகம் ஏறி இறங்கினால் இழைகள் அடிக்கடி அறும். கோடையில் மேல்மலை காய்ந்தால் உள்ளே முட்டியும் விரலும் கூடுதலாக உழைத்தன.

இதையெல்லாம் எழுதும்போது 1908ஐ விட்டுவிட முடியாது. இதே ஹார்விகளின் நிர்வாகத்தில் இருந்த கோரல் மில்லில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. தலைமை தாங்கினார், கூலி உயர்ந்தது. எங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் விலை அதிகம்: புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதன் பிறகே வந்தது. காரைக்கால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ரீலிங்கில் வேலை பார்த்த ஆச்சி ஒருவர் அதுவரை சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிட்டம் கட்டும் கணக்கை அவர்தான் சொன்னார். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் நின்றால் அது 40ஆம் நம்பர் நூல். பெருக்கிப் பார்த்தேன், 33,600 கெஜம். ஒரு பவுண்டுப் பஞ்சு பத்தொன்பது மைல் நீளுகிறது.

"நம்பர் கூடக் கூட நூலு மெலியும். கை கனத்தா போச்சு" என்றார் ஆச்சி. பிறகு அண்ணாச்சியைப் பார்த்துத் திரும்பினார். "இவுக ஒட்டுன எடம் சரியில்லன்னா எங்ககிட்ட வந்துதான் அறும். ஏச்சு எங்களுக்கு."

"என் சைடுல அப்படி வராது" என்றார் அண்ணாச்சி.

"வந்துச்சு" என்றார் ஆச்சி. எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று சொல்லத் தொடங்கினார்.